அழாத பிள்ளை

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஜெயந்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருக்கிறாள். போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் என் வீட்டுக்குள் வந்து, பிறந்த குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் ஒற்றி அனுப்புகிற முறையை எனக்கு விளக்கினாள். தைராய்டு குறைவாகச் சுரக்கிற குழந்தையை அதில் கண்டுபிடித்துவிடலாமாம். பயிற்சிக்குப் போய் வந்த உற்சாகம் முகத்தில் இருந்தது. உங்கள் காலத்தில் இதையெல்லாம் எப்படிப் பெரியம்மா கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். கண்ணால் பார்த்து என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் சொன்னது பாதி உண்மை. கண்ணால் பார்த்தும் தெரிந்துகொள்ளாமல் விட்ட கதையைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஆவூர்ப் பக்கம். அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சுதந்திரம் வந்த அடுத்த வருடம் திருச்சியில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். பிறகு சென்னையில், வீடு வீடாகப் போய்த் தாய்சேய் நலம் பார்க்கும் ஹெல்த் விசிட்டர் வேலைக்குப் பயிற்சி. அந்த வருடங்களில் நினைவில் நிற்பது பசியும் தூக்கமின்மையும்தான். முதல் வேலை விராலிமலைக்கும் இலுப்பூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் கிடைத்தது. ஓடு போட்ட பிள்ளைப்பேறு விடுதி, நான்கு கட்டில், சின்னப்பொண்ணு என்று ஒரு ஆயா, நான். சுற்றியிருந்த பதினோரு கிராமங்களுக்கும் நடந்துதான் போவேன். சைக்கிள் கொடுத்தார்கள். சேலையோடு அதில் ஏறி இரண்டு முறை விழுந்த பிறகு அதைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் புதுக்கோட்டையிலிருந்து மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜீப்பில் வரும் பெண் மருத்துவர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்தவரை யாரும் தன்னைப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார். உயரமான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் நெஞ்சில் வைப்பதற்கு முன்னால் தன் கழுத்தில் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். திட்ட மாட்டார். நாம் தப்பாக ஒன்று சொன்னால் பேசாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நீலம் பாய்ந்து பிறந்த குழந்தை, ஜன்னி கண்ட குழந்தை, இவர்களையெல்லாம் தனி நோட்டில் எழுதச் சொல்வார். பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டால் நம் வேலை முடிந்தது என்றுதான் அந்தக் காலத்தில் எல்லோரும் நினைத்தோம். அவர் அப்படி நினைக்கவில்லை. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம், ஒரு வயது என்று நாங்கள் அந்த வீடுகளுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதை முதல் செவ்வாய்க்கிழமையே பாயில் உட்கார்ந்து காட்டினார். குழந்தையை வெளிச்சம் வரும் பக்கமாகப் படுக்க வைத்துச் சிவப்பு நூல்கண்டு ஒன்றை முகத்துக்கு ஒரு சாண் மேலே மெதுவாக நகர்த்த வேண்டும். கண் கூடவே வருகிறதா என்று பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால், அது நம் கையைப் பார்க்காதபடி, சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கினால் தலை கூட வருகிறதா, பின்னால் தொங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். மூடின விரல்களை விரித்துப் பார்க்க வேண்டும். கால்கள் ஒன்றன்மேல் ஒன்று கத்தரிக்கோல் போல் ஏறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் தாயைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும். அவள் சொல்கிற எதையும் வீட்டுப் பேச்சு என்று தள்ளக்கூடாது. குறைமாதக் குழந்தையாக இருந்தால், முன்கூட்டிப் பிறந்த நாட்களை வயதில் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் முன்னால் பிறந்த பிள்ளைக்கு ஐந்து மாதம் என்றால் மூன்று மாதப் பிள்ளையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று சொன்னார். "நோட்டுல அபிப்பிராயம் எழுதாத, மேரி. நீ பாத்தத எழுது."

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி எனக்கும் இருந்தது. ஒரு குயவர் வீட்டுப் பெண் குழந்தை பிறந்தபோது வெகுநேரம் அழாமல் நீலமாகக் கிடந்தது. ஆறாம் மாதம் அதன் கைகள் மூடியபடியே இருந்தன, கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. டாக்டரம்மாவிடம் காட்டினேன். இதற்கு மருந்து கிடையாது என்று தாயிடம் நேராகவே சொல்லிவிட்டார். பிறகு அரை மணி நேரம் அந்தப் பெண்ணின் அருகில் உட்கார்ந்து, குழந்தையை எப்படி மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு புரையேறாமல் கஞ்சி கொடுப்பது, காலை எப்படி நீவி விரிப்பது என்று காட்டினார். போகும்போது மாமியாரைக் கூப்பிட்டு, இது பிள்ளை பெற்றவளின் குற்றமில்லை, யார் குற்றமும் இல்லை என்று சொன்னார். அதைக் கேட்டுத்தான் அந்தப் பெண் அழுதாள். ஆறு மாதமாக அந்த வீட்டில் அவளைப் படுத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் பாக்கியம் எங்கள் விடுதிக்கு வந்தாள். பத்தொன்பது வயது. தன் தாய்மாமன் சின்னையாவைக் கட்டியிருந்தாள். கடலைக்கொல்லை, ஒரு கிணறு, இரண்டு மாடு உள்ள குடும்பம். ஏழரை மாதத்தில் வலி எடுத்து வண்டியில் கொண்டுவந்தார்கள். பையன். துணியில் முடிந்து தராசுக் கொக்கியில் மாட்டினால் முள் நான்கு பவுண்டைத் தொடவில்லை.

அவனை இருபத்திரண்டு நாள் விடுதியில் வைத்திருந்தோம். பஞ்சில் சுற்றி, காலடியிலும் இரண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில்களைத் துணி சுற்றி வைப்போம். ஒவ்வொரு முறையும் என் முழங்கையில் வைத்துச் சூடு பார்ப்பேன். பாக்கியம் பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சித் தருவாள். அதைப் பாலாடைச் சங்கால் சொட்டுச் சொட்டாகக் கடைவாயில் விட வேண்டும். பாதியில் தூங்கிவிடுவான். உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி மீதியைக் கொடுப்போம். மூன்றாம் நாள் உடம்பு மஞ்சளானது. குறைமாதக் குழந்தைக்கு மஞ்சள் கொஞ்சநாள் கூடுதலாக நிற்கும் என்று படித்திருந்தேன். அதனால் பயப்படவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போதும் கண்ணில் லேசாக மஞ்சள் இருந்தது.

அவன் பிழைத்தது அந்தப் பக்கத்தில் பெரிய பேச்சாகிவிட்டது. பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டாக்டரம்மா நோட்டைப் படித்துவிட்டு, "நல்லா பண்ணியிருக்க" என்றார். எனக்குத் தெரிந்து அவர் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. பல நாள் அந்த வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு முருகேசன் என்று பெயர் வைத்தார்கள்.

மூன்றாம் மாதம் போனேன். தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். பாக்கியம் என்னைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்து வந்து, பிள்ளை ஒரு தொந்தரவும் கொடுப்பதில்லை என்றாள்.

"அழவே மாட்டேங்குறான் நர்சம்மா. பக்கத்து வீட்டுப் புள்ளையெல்லாம் ஊரக் கூட்டுது. இவன நாந்தான் எழுப்பிப் பால் குடுக்க வேண்டியிருக்கு. அம்புட்டு நல்ல புள்ள."

வெளிக்குப் போவது நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் என்றும், விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கிறோம் என்றும் சொன்னாள். நான் தூக்கிப் பார்த்தேன். உடம்பு குளிர்ந்திருந்தது. மார்கழி என்று நினைத்தேன். நூல்கண்டை ஆட்டினேன். கண் கொஞ்சதூரம் வந்து நின்றுவிட்டது. ஏழரை மாதத்தில் பிறந்தவன், கழித்துப் பார்த்தால் ஒன்றரை மாதப் பிள்ளை, இவ்வளவுதான் வரும் என்று கணக்குப் போட்டேன். நோட்டில் இப்படி எழுதினேன்: நன்றாக இருக்கிறான். குறைமாதம். மெதுவாக வளர்கிறான்.

பார்த்ததை எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் நினைத்ததை எழுதினேன். அழுவதில்லை, எழுப்பினால்தான் பால் குடிக்கிறான், மலச்சிக்கல், உடம்பு குளிர்ச்சி என்று தாய் சொன்னதையும் நான் தொட்டுப் பார்த்ததையும் வரிசையாக எழுதியிருந்தால், அந்த வரிசையைப் படித்ததும் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். என் மூன்று வாக்கியத்தில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

ஆறாம் மாதம் தலை நிற்கவில்லை. கழித்துப் பார்த்தால் நாலரை மாதம். அதற்கும் நின்றிருக்க வேண்டும். ஆனால் இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா வந்த செவ்வாய்க்கிழமை பாக்கியம் கடலை பறிக்கப் போய்விட்டாள். நான் ஆள் விட்டுக் கூப்பிடவில்லை. இரண்டு வாரத்தில் அம்மைத் தடுப்பு வேலைக்கென்று என்னைக் கடலோரத்துக்கு, ஜெகதாப்பட்டினம் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. என் இடத்துக்கு யாரையும் போடவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது முருகேசனுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. மூட்டையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வயிறு பெருத்துத் தொப்புள் வெளியே தள்ளியிருந்தது. தோல் வறண்டு சொரசொரவென்று இருந்தது. நாக்கு வாய்க்குள் கொள்ளாமல் வெளியே கிடந்தது. ஆனாலும் அன்றும் நோட்டில் எழுதியது, குறைமாதப் பிறப்பின் விளைவு என்றுதான். விராலிமலைக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறோம் என்று சின்னையா சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பாக்கியம் மறுபடி முழுகாமல் இருந்தாள்.

இரண்டாவது பிள்ளை பெண். மாதம் நிறைந்து, ஏழு பவுண்டு எடையோடு பிறந்தது. பாக்கியத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. சுகப்பிரசவம், ஒரு கவலையும் இல்லை என்று பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினேன்.

இருபத்துநான்காம் நாள் அந்தப் பக்கம் வேறு வீட்டுக்குப் போனவள் இவர்கள் வீட்டிலும் எட்டிப் பார்த்தேன். நல்ல வெயில் நேரம். குழந்தையை வாசலுக்குத் தூக்கி வந்து கண் இமையை விலக்கினேன். வெள்ளை விழியில் மஞ்சள். கால் இரண்டும் சில்லென்று திட்டுத் திட்டாக இருந்தன. தொப்புள் புடைத்திருந்தது. சீண்டியதும் அழுதது. தொண்டை கட்டிய கிழவரின் குரல் போலக் கரகரவென்று வந்து உடனே நின்றுவிட்டது.

பாக்கியம் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். "இதும் அவன மாதிரியேதான் நர்சம்மா. அழுகறதில்ல. எழுப்பித்தான் பால் குடுக்குறேன்."

நான் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தேன். உள்ளே மூட்டையில் சாய்ந்திருந்த முருகேசனின் முகம் தெரிந்தது. கையில் இருந்த குழந்தையின் உதட்டுக்கு நடுவிலும் நாக்கு நுனி தெரிந்தது. இந்தக் குழந்தை குறைமாதம் இல்லை. கழிப்பதற்கு என்னிடம் ஒரு நாள்கூட இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலா நர்சம்மா என்று கேட்டு பாக்கியம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரண்டு பிள்ளைகளையும் பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். டாக்டரம்மா பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். பையனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெண்ணின் முழங்காலையும் பையனின் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஈரம் காயாத படத்தை ஜன்னலில் பிடித்து எனக்குக் காட்டினார். மாதம் நிறைந்து பிறக்கிற குழந்தையின் முழங்காலில் மிளகு போலத் தெரிய வேண்டிய எலும்புப் புள்ளி பெண்ணுக்கு இல்லை. மூன்று வயதை நெருங்கும் பையனின் மணிக்கட்டு, பிறந்த குழந்தையுடையது போல வெறுமையாக இருந்தது.

ஆயாவோடு பாக்கியத்தைச் சாப்பிட அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பிறவியிலேயே வேலை செய்யவில்லை, நெருங்கிய உறவில் கட்டிய குடும்பங்களில் இப்படி ஒன்றுக்கு மேல் வருவதுண்டு என்றார். சுரப்புக்குப் பதிலாகக் கொடுக்க மாத்திரை இருக்கிறது. மூளை வளர்கிற முதல் மாதங்களில் கொடுத்துவிட்டால் பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும் போல வளரும்.

"பையன்?" என்று கேட்டேன்.

"ஒடம்பு தேறும்" என்றார்.

நான் கொண்டுபோயிருந்த நோட்டை வாங்கி, முருகேசனின் பக்கத்தைப் படித்தார். என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. என் மூன்று வரிக்குக் கீழே இருந்த தன் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். "நானும் படிச்சிருக்கேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, குறைமாதம் என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் நாம் இரண்டு பேரும் ஒளிந்துகொண்டோம் என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடித்ததும், "அவ கேக்கிற வரைக்கும் சொல்லாத. கேட்டான்னா பொய் சொல்லாத" என்றார்.

மாத்திரை பழுப்பு நிறம். ஆட்டுச் சுரப்பியைக் காயவைத்துச் செய்தது என்பதால் உப்புக்கண்டம் போல ஒரு வாடை. பெண்ணுக்கு ஒரு மாத்திரையை நான்காக உடைத்து, ஒரு துண்டைக் கரண்டியில் தாய்ப்பால் விட்டு நசுக்கிக் கரைத்துத் தினமும் காலையில் கொடுக்க வேண்டும். ஒருநாளும் தவறக்கூடாது. அளவு கூடினால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு போகும். அதனால் வாரம் ஒருமுறை நான் போய் நாடி எண்ணி எழுத வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனேன். நான்காவது வெள்ளிக்கிழமை கொல்லை வரப்பில் வந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. பாக்கியம் வாசலுக்கு ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். பசிக்காக அது அழுகிறது என்றும், விடியக்காலையிலிருந்து மூன்று முறை பால் கேட்டுவிட்டது என்றும் சொன்னாள். அதற்குச் செல்வி என்று பெயர் வைத்தார்கள்.

முருகேசனுக்கும் அதே மாத்திரை. இரண்டு மாதத்தில் தோல் மிருதுவானது. நாக்கு உள்ளே போனது. வயிறு வற்றியது. முடி கறுத்து வந்தது. மூன்றரை வயதில் சுவரைப் பிடித்து நின்றான். நான்கு வயதில் நடந்தான். சின்னையா விராலிமலைக்குக் காவடி எடுத்து வந்து எனக்குத் திருநீறு கொடுத்தார். நான் வேதக்காரி, கிறிஸ்தவள் என்று அவருக்குத் தெரியும். நானும் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

பாக்கியம் அவன் பேசுவான் என்று காத்திருந்தாள். ஒரே மாத்திரைதானே, பெண்ணுக்கு வந்தது பையனுக்கும் வரும், பெரியவன் என்பதால் கொஞ்சம் நாளாகும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னிடம் சொல்வாள். நான் நாடியை எண்ணுவதுபோல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். செல்வி ஒரு வயதில் ஆத்தா என்றாள். ஒன்றரை வயதில் காக்காயைக் கூப்பிட்டாள். இரண்டு வயதில் அண்ணனுக்குச் சோறு ஊட்டிவிட்டாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வாயைத் திறப்பான். அவனுக்கு வந்தது நான்கைந்து சொல்தான்.

செல்விக்கு மூன்று வயது நடக்கும்போது, கடலை பறிப்பு நேரத்தில் பாக்கியம் கேட்டுவிட்டாள். கொல்லை ஓரத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருந்தாள். செல்வி காலிச் செடிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். முருகேசன் மண்ணைக் கையில் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கணும். இந்த மாத்திரைய இவனுக்கும் பொறந்த மாசமே குடுத்திருந்தா, இவளாட்டம் வந்திருப்பானா?"

நான் பையைக் கீழே வைத்தேன். "பெரும்பாலும் வந்திருப்பான், பாக்கியம்."

"அப்ப இந்த மாத்திர இல்லையா?"

"இருந்துச்சு."

அவள் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு செடியை ஆய்ந்து முடித்தாள். "ஒங்களுக்குத் தெரியாமப் போச்சா?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மூணாம் மாசம் வந்தப்பவே தெரிஞ்சிருக்கணும். கொறமாசம் கொறமாசம்னு நாந்தான் விட்டுட்டேன். தப்பு என்னோடது."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். என்னைப் பார்க்காமல், "நீங்க போங்க" என்றாள். பிள்ளைகளின் நாடியை எண்ணாமல் வந்த வெள்ளிக்கிழமை அது ஒன்றுதான்.

எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள், அளவை யார் பார்ப்பது என்று கேட்டார். "அவ பேசாட்டிப் போறா. நீ போறத நிறுத்தாத" என்றார். அந்த மாதத்திலிருந்து எல்லா விடுதிகளுக்கும் ஒரு உத்தரவு எழுதினார். குறைமாதமோ நிறைமாதமோ, மூன்று வாரம் தாண்டியும் மஞ்சள் தெளியாத குழந்தையைத் தன்னிடம் கொண்டுவர வேண்டும். அழாத குழந்தையை, பாலுக்கு எழுப்ப வேண்டிய குழந்தையை, எந்தக் காரணம் சொல்லியும் விட்டுவைக்கக் கூடாது. கழித்துப் பார்க்கிற கணக்கு, சந்தேகத்தைத் தள்ளிப்போடுவதற்கான கணக்கு இல்லை. அந்த உத்தரவால் என் வேலைக்காலம் முடிவதற்குள் இப்படி இன்னும் இரண்டு குழந்தைகளைக் கண்டுபிடித்தேன். இரண்டு பேரும் இன்று பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

பாக்கியம் மூன்று வருடம் என்னோடு பேசவில்லை. நான் போகும் நேரத்தில் கொல்லைக்குப் போய்விடுவாள். சின்னையாதான் வாங்க நர்சம்மா என்று மணைப்பலகை எடுத்துப் போட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாத்திரை மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு முற்பகல், கையில் ஒரு குழந்தையோடு அவள் விடுதி வாசலில் வந்து நின்றாள். கூடவே பச்சை உடம்போடு ஒரு பெண், பாக்கியத்தின் தம்பி மனைவி. எட்டாம் மாதத்தில் வீட்டிலேயே பிறந்த பிள்ளை, பதினேழு நாள் ஆகிறது, தூங்கிக்கொண்டே இருக்கிறது என்றாள். அந்தப் பெண்ணுக்கு வர விருப்பமில்லை. இவள்தான் இழுத்து வந்திருக்கிறாள். நான் பார்த்தேன். மஞ்சள் இல்லை. உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். ஓங்கி அழுதது.

"நல்லா இருக்கு பாக்கியம்" என்றேன்.

"டாக்டரம்மாகிட்டக் காட்டணும்" என்றாள்.

அவள் என்னை நம்பாதது எனக்கு வலித்தது. ஆனால் நியாயம் அவள் பக்கம். நால்வருமாகப் பஸ் ஏறினோம். டாக்டரம்மா துணியை அவிழ்த்துத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் குறை ஒன்றுமில்லை என்றார். பாக்கியம் நகரவில்லை. இன்னொருதரம் பாருங்கள் என்றாள். அவர் இன்னொருமுறை பார்த்தார். மூன்றாவது முறையும் கேட்டாள். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, முதல்முறை பார்ப்பதுபோலவே ஆரம்பத்திலிருந்து பார்த்தார். "நல்ல புள்ளம்மா. பயப்படாத" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் பாக்கியம் வெளியே எழுந்து போய்விட்டாள்.

வராந்தாவில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நல்ல புள்ள, தொந்தரவு தராதுன்னு நாந்தான ஒங்ககிட்டச் சொன்னேன். பெருமையாச் சொன்னேன். பெத்தவளுக்கே தெரியல. ஒங்களச் சொல்லி என்ன?"

மூன்று வருடமாக அவள் என்மேல் கோபத்தோடு இருக்கிறாள் என்று மட்டும் நினைத்திருந்தேன். அவள் தன்னையும் அதே கூண்டில் நிறுத்தி வைத்திருந்தாள்.

"அழ மாட்டேங்குறான், எழுப்பித்தான் பால் குடுக்கணும், வெளிக்குப் போகல, எல்லாம் நீ சொன்ன பாக்கியம். ஒன்னும் விடாமச் சொன்ன. நீ சொன்னதக் கேக்குறதுக்குத்தான் என்னைப் படிக்க வச்சு அனுப்பியிருந்தாங்க. நாந்தான் கேக்கல."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் பக்கத்து இடத்தில் வந்து உட்கார்ந்தாள். இலுப்பூர் தாண்டும்போது, முருகேசன் இப்போது கிணற்றடியிலிருந்து குடத்தில் பாதித் தண்ணீர் தூக்கி வருகிறான் என்று சொன்னாள்.

அறுபதுகளின் கடைசியில் எனக்குப் பதவி உயர்வு வந்து அறந்தாங்கிக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு கார்டு வந்தது. கோடு போட்டு எழுதியதுபோல் நேரான, உருண்டையான எழுத்து. செல்வி எழுதியிருந்தாள். ஐந்தாம் வகுப்பை முடித்து பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருப்பதாக முதல் வரியில் இருந்தது. அடுத்த வரியில், அண்ணனுக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்து திங்கட்கிழமை இறந்துவிட்டது, உங்களுக்கு எழுதச் சொல்லி ஆத்தா சொன்னது என்று இருந்தது. ஒரு எழுத்துப்பிழை இல்லை.

காரியத்துக்குப் போனேன். பாக்கியம் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளைத் தள்ளி உட்காரச் சொல்லி எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, தெரியாத்தனமாக, அந்தப் பிள்ளையும் இப்படி இருந்து என்ன செய்யப்போகிறது, போனதும் ஒருவகையில் நல்லதுதான் என்று சொன்னாள்.

பாக்கியம் நிமிர்ந்தாள். "எம்புள்ளைக்கு ஒன்னும் கொறையில்ல" என்றாள். "அவனுக்குப் பாக்க வேண்டிய நேரத்துல யாரும் பாக்கல. அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் சாய்ந்து எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை விடவில்லை.